ஓரம் கிள்ளிய டிக்கெட்

குழித்துறை
12 நவம்பர் 2024

அன்பு மகள் சஜிதாவுக்கு அப்பா எழுதுவது.

கர்த்தர் கிருபையால் நானும் உன் அம்மாவும் சுகம். மழை விடாததால் அம்மாவுக்கு மூட்டுவலி கொஞ்சம் கூடுதல். உன் உடம்பு, சாப்பாடு, குளிர் எல்லாம் எப்படி என்று விவரமாக எழுது.

பரீட்சை முடிந்து லீவு விட்டாயிற்று, பஸ் பிடித்து நாட்டைக் குறுக்கே கடந்து, மலையில் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறோம் என்று நீ அம்மாவிடம் போனில் சொன்னது எனக்கும் கேட்டது. மண்ணைப் பற்றிப் படிக்க நியூசிலாந்து வரை போனவளுக்கு மலையில் என்ன வேலை என்று கேட்டேன். "மலையிலயும் மண்ணுதானப்பா" என்றாய். உனக்கு வாயில் குறைச்சலில்லை.

போகாதே என்று சொல்லவில்லை. சொன்னாலும் நீ கேட்கப் போவதில்லை. ஆனால் எந்த பஸ்ஸில் ஏறினாலும் டிக்கெட்டைத் தூர எறியாமல் எனக்கு அனுப்ப வேண்டும். என்னிடம் நாற்பது ஊர் டிக்கெட் சேர்ந்திருக்கிறது, வெளிநாட்டு டிக்கெட் ஒன்றுகூட இல்லை. மெஷினில் அடித்து வரும் டிக்கெட்டில் எழுத்து கொஞ்ச நாளில் அழிந்துபோகும். கிடைத்த அன்றைக்கே பின்னால் பேனாவால் ஊரும் தேதியும் எழுதிவிடு.

போய்வந்த விவரத்தையும் போனில் சொல்லாமல் கடிதமாக எழுது. போனில் சொன்னது காற்றோடு போய்விடும், எழுத்து என்றால் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். கண்டக்டராக இருபத்தாறு வருஷம், செக்கிங் இன்ஸ்பெக்டராக நாலு வருஷம், ஒரு மெமோகூட வாங்காமல் ரிட்டயர் ஆனவன் நான். தலையும் டிக்கெட்டும் ஒத்துவராமல் என் வண்டி ஸ்டாண்டுக்குள் நுழைந்ததில்லை.

"வீட்டில் எல்லாரும் சுகம்" என்று எழுதச் சொல்கிறாள் அம்மா. வீட்டில் இரண்டு பேர், வெளியில் நீ. மொத்தம் மூன்று. நாலாவதாக உனக்கு ஓர் அண்ணன் இருந்ததை நான் எழுதவும் மாட்டேன், நீயும் எழுத வேண்டாம். சொந்த அப்பன் வண்டியில் டிக்கெட் எடுக்காமல் ஏறி, ஊர் பார்க்க என் மானத்தைக் கப்பலேற்றினவன் அவன். பத்து வருஷமாகியும் எனக்கு ஆறவில்லை.

குளிரில் காது மூடிக்கொள். ஜெபம் செய்ய மறக்காதே.

அப்பா,
ஞானதாசன்

*

கிறைஸ்ட்சர்ச்
3 டிசம்பர் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். நான் நல்ல சுகம். இங்கே இப்போது கோடை, ஆனாலும் உங்கள் சொல்படி காது மூடித்தான் இருக்கிறேன். அம்மாவின் காலுக்குத் தைலம் போடுங்கள். அவளே போட்டுக்கொள்ள மாட்டாள்.

கீழைக் கடலிலிருந்து மேலைக் கடல் வரை ஒரே பஸ்ஸில் போனோம். நானும், கூடப் படிக்கும் கமிலாவும், ரோஸும், மூன்று பேர். முதலில் இரண்டு மணி நேரம் வெறும் சமவெளி, ஆட்டுக்கூட்டம். பிறகு மலை சட்டென்று எழுந்து நிற்கிறது. ஆர்தர்ஸ் பாஸ் என்ற கணவாய். வண்டி வளைந்து வளைந்து ஏறும்போது கமிலா கண்ணை மூடிக்கொண்டாள். பேச்சிப்பாறை ரோட்டில் வளர்ந்த எனக்கு அது ஒன்றுமே இல்லை.

இங்கே கண்டக்டரே கிடையாது அப்பா. டிரைவரே பெட்டி ஏற்றுவார், டிக்கெட் பார்ப்பார், ஆற்றுக்கும் மலைக்கும் பெயர் சொல்லிக்கொண்டே ஓட்டுவார். டிக்கெட்டும் போனில்தான் வரும். அப்பாவுக்கு வேண்டும் என்று கேட்டதால் டிரைவர் மெஷினில் ஒரு துண்டு அடித்துத் தந்தார். போன டிக்கெட், திரும்பின டிக்கெட் இரண்டும் இதில் இருக்கிறது.

மலையில் இரண்டு நாள் டென்டில் இருந்தோம். இங்கே கியா என்று ஒரு கிளி உண்டு. பச்சை நிறம், கோழி அளவு, போக்கிரி. காலையில் எழுந்து பார்த்தால் டென்ட் கயிற்றை அவிழ்த்துவிட்டு, ரோஸின் செருப்பில் ஒன்றைக் கொத்திக் கொத்திப் பஞ்சாக்கி வைத்திருக்கிறது. திட்டினால் தலையைச் சாய்த்துக் கேட்கிறது. உங்களிடம் திட்டு வாங்கும்போது நான் நிற்பது போலவே இருந்தது.

போட்டோ ஒன்றும் பிரின்ட் போட்டு வைத்திருக்கிறேன்.

உங்கள் அன்பு மகள்,
சஜிதா

*

குழித்துறை
21 டிசம்பர் 2024

அன்பு மகள் சஜிதாவுக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்து. இங்கே நாங்கள் சுகம், அங்கே நீ சுகமாயிருப்பாய் என்று நம்புகிறேன். வீட்டில் ஸ்டார் கட்டியாயிற்று. அம்மா முந்திரிக்கொத்து சுட்டாள்.

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். போட்டோவை நாலு தரம் பார்த்தேன். மூன்று பேர் போனதாக எழுதியிருக்கிறாய். போட்டோவிலும் மூன்று பேர் நிற்கிறீர்கள். அப்படியானால் படம் பிடித்தது யார்? கியாவா?

முன்னால் கல்லின் மேல் டம்ளர் இருக்கிறது. எண்ணினேன், நாலு.

இனி டிக்கெட். போனது 24ஆம் தேதி, திரும்பினது 27. இரண்டிலும் கீழே இடது ஓரத்தில் நகத்தால் கிள்ளிய அடையாளம். ஒரே அளவு, ஒரே சாய்வு. மூன்று நாள் இடைவெளியில் இரண்டு டிக்கெட் ஒரே கையில் பட்டிருக்கிறது. டிரைவர்தான் தந்தார் என்றால் போகும்போதும் வரும்போதும் ஒரே டிரைவரா? அல்லது உன் டிக்கெட்டைக் கையில் வாங்கிப் பார்க்கிற வேறு ஆள் யாராவது கூட வருகிறானா?

இன்னொன்று. அடுத்த தெரு டெனிஷ் போன வாரம் அங்கே கிளம்பினான், அவனிடம் அம்மா உனக்கு ஒரு பொதி கொடுத்துவிட்டாள். எனக்குத் தெரியாமல் கட்டினாள். நான் அவிழ்த்துப் பார்த்தேன். ஊறுகாய் சரி, முந்திரிக்கொத்து சரி. அடியில் ஆண்பிள்ளைகள் இடுப்பில் கட்டுகிற புதுச் சாரம் ஒன்று, நீலக் கட்டம் போட்டது. பெண்பிள்ளைக்கு எதுக்குடி சாரம் என்று கேட்டேன். "அது அவ கேட்டா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனவள், பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் கேட்டதற்கெல்லாம் தனித்தனியாகப் பதில் எழுது.

அப்பா

*

கிறைஸ்ட்சர்ச்
10 ஜனவரி 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். நான் சுகம். நீங்களும் சுகமாக இருப்பதை உங்கள் கேள்விகளிலிருந்தே தெரிந்துகொண்டேன்.

போட்டோ, போனைக் கல்லில் சாய்த்து வைத்து எடுத்தது. பத்து எண்ணினால் தானே எடுக்கும். டம்ளர், கமிலாவுக்குக் காபிக்கு ஒன்று, சூப்புக்கு ஒன்று வேண்டும். சாரம், டென்டில் விரிக்க. இங்கே கிடைக்கிற விரிப்பு நனைந்தால் காய இரண்டு நாளாகிறது, நம்ம சாரம் உதறினால் உலர்ந்துவிடும். போதுமா, இன்ஸ்பெக்டர் சார்?

போன வாரம் மவுன்ட் குக் பக்கம் போனோம். மலை முழுவதும் பனி. நாங்கள் டென்ட் போட்டது அடிவாரத்தில், புல்வெளியில். அங்கிருந்து பத்து நிமிஷ தூரத்தில் ஓர் ஓடையைத் தாண்டி, இரண்டு மணி நேரம் நடந்து ஒரு குன்றில் ஏறினோம். போகும்போது கணுக்கால் அளவுதான் தண்ணீர். மேலே இருக்கும்போது மழை பிடித்தது. திரும்பி வந்தால் நம்ம குழித்துறை சப்பாத்துப் பாலத்துக்கு மேலே ஆறு புரண்டு போவது போல ஓடை போகிறது. கல் உருளுகிற சத்தம் தண்ணீருக்குள்ளிருந்து கேட்கிறது. மூன்று பேரும் இக்கரையில் நின்றுவிட்டோம். அப்பா, எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு பஸ். மணி நாலரை ஆகிவிட்டது.

அப்போது மழைக்குள் ஒருவர் மேலே ஏறி வருகிறார். பஸ் டிரைவர். லிஸ்டில் மூன்று தலை குறைகிறதே என்று வண்டியை நிறுத்திவிட்டு, பயணிகளிடம் சொல்லிவிட்டுத் தேடி வந்திருக்கிறார். மேலே கொஞ்ச தூரத்தில் ஓடை அகன்று ஆழமில்லாமல் ஓடுகிற இடத்தைக் காட்டி, அங்கே வைத்து ஒவ்வொருவராகக் கைபிடித்துத் தாண்ட வைத்தார். வண்டி முக்கால் மணி நேரம் நின்றது. "நீந்தவும் தெரியாது, சொன்னாலும் கேக்காது" என்று என்னைத் திட்டின திட்டு கொஞ்சநஞ்சமல்ல.

நான் பத்திரமாக இருக்கிறேன், பயப்பட வேண்டாம். அம்மாவிடம் ஓடையைப் பற்றி வாசிக்க வேண்டாம். டிக்கெட் இரண்டு வைத்திருக்கிறேன்.

அன்பு மகள்,
சஜிதா

*

குழித்துறை
29 ஜனவரி 2025

சஜிதாவுக்கு அப்பா எழுதுவது. நாங்கள் சுகம். உன் சுகத்துக்குப் பதில் எழுது.

நீ உயிரோடு இக்கரை வந்ததற்கு ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். சொல்லிவிட்டுத்தான் யோசிக்கத் தொடங்கினேன்.

முப்பது வருஷம் பஸ்ஸில் போனவன் நான். டிரைவர் சீட்டிலிருந்து இறங்கி, வண்டியை மலையடியில் போட்டுவிட்டு, முக்கால் மணி நேரம் பயணியைத் தேடிப் போன டிரைவரை நான் கண்டதில்லை. நாலு நிமிஷம் நின்றாலே ஹாரன் அடிப்பான். சொந்தத்தில் ஒருத்தி ஏறவேண்டியிருந்தால் நிற்பான், அதுவும் திட்டிக்கொண்டு.

உனக்கு நீந்தத் தெரியாது என்று அந்த டிரைவருக்கு யார் சொன்னது? கரையில் நிற்கிற மூன்று பிள்ளைகளில் யாருக்கு நீச்சல் தெரியும், யாருக்குத் தெரியாது என்று முகத்தில் எழுதியா ஒட்டியிருக்கிறது? "சொன்னாலும் கேக்காது" என்றாராம். அவர் உனக்கு எப்போது என்ன சொன்னார், நீ கேட்காமல் போக?

நாலு டிக்கெட்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன். நாலிலும் அதே இடத்தில் அதே கிள்ளல். அதைப் பற்றிப் போன கடிதத்தில் கேட்டிருந்தேன். டம்ளருக்குப் பதில் வந்தது, சாரத்துக்குப் பதில் வந்தது, கிள்ளலுக்கு மட்டும் பதில் இல்லை. கேட்காத மாதிரி தாண்டிப் போயிருக்கிறாய். டிக்கெட் இல்லாதவன்தான் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பான். எனக்கு அது தெரியாதா?

யார் அவன்? எந்த ஊர்? உனக்கும் அவனுக்கும் என்ன? கல்யாணம் என்கிற எண்ணம் இருந்தால் நேரே சொல். எனக்குப் பிடிக்கிறதோ இல்லையோ, மறைத்தால் நிச்சயமாகப் பிடிக்காது. சபையில் நாலு பேர் சொல்லி நான் தெரிந்துகொள்கிற நிலைமையை உண்டாக்காதே. சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை.

வேறு எதற்குப் பதில் எழுதாவிட்டாலும் ஒன்றுக்கு எழுது. அந்த டிரைவர் இடதுகைக்காரனா?

அப்பா

*

கிறைஸ்ட்சர்ச்
20 பிப்ரவரி 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகம். உங்கள் சுகத்துக்காக ஜெபிக்கிறேன். தயவுசெய்து வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

நீங்கள் நினைக்கிற மாதிரி எதுவும் இல்லை. காதல் இல்லை, கல்யாணம் இல்லை. வேதப்புத்தகத்தின் மேல் கைவைத்துச் சொல்லச் சொன்னாலும் சொல்வேன். உங்களுக்குத் தலைகுனிவு வரும்படி நான் ஒன்றும் செய்யவில்லை.

வகுப்பு தொடங்கப் போவதால் கடைசியாக ஒரு தரம் தெற்கே போய்வந்தோம். ஏரிக்கரையில் டென்ட். மணல்ஈ என்று ஒரு பூச்சி, நம்ம கொசுவெல்லாம் அதனிடம் பிச்சை வாங்க வேண்டும். வேறு விசேஷமில்லை. பாட வேலை அதிகம், அதனால் இந்தக் கடிதம் சின்னதாகிவிட்டது.

டிக்கெட் வைத்திருக்கிறேன். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று நாலு மூலையையும் கத்தரியால் வளைத்து வெட்டியிருக்கிறேன்.

அன்பு மகள்,
சஜிதா

*

குழித்துறை
9 மார்ச் 2025

என் செல்ல மோளுக்கு அம்மா எழுதியது. நான் சுகம். கால்வலி அப்படியேதான் கிடக்குது. நீ சுகமா இருக்கியா? போன்ல சொல்லலாமுன்னா இந்த மனுசன் பக்கத்திலேயே இருக்காரு. அதனால டெய்லர் கடையில இருந்து எழுதுறேன்.

எதுக்கு மக்கா மூலைய வெட்டின? இருந்ததை விட இல்லாததுதான் அவருக்குப் பளிச்சுன்னு தெரிஞ்சுது. "லீலா, உன் மகள் தடயத்தை வெட்டி எடுத்திருக்கா பாத்தியா" என்றாரு. டிக்கெட் எல்லாத்தையும் சாப்பாட்டு மேசையில பரத்தி வச்சு, கண்ணாடியக் கழற்றிட்டு, கிட்ட வச்சுப் பாத்தாரு. பொறவு காலண்டர்த் தாளைக் கிழிச்சு, வலது கையால ஒரு ஓரம் கிள்ளினாரு. அது வலது ஓரத்துல விழுந்துது. இடது கையால கிள்ளினாரு. அது இந்த டிக்கெட்டு மாதிரியே இடது ஓரத்துல விழுந்துது. அப்படியே கொஞ்ச நேரம் கையப் பாத்துட்டு இருந்தாரு.

உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ, மெஷின் வாறதுக்கு முன்னால கட்டு டிக்கெட் இருக்கும்போ, அப்பா ஒவ்வொண்ணையும் ஓரம் கிள்ளித்தான் குடுப்பாரு. வேற யாரும் அப்படிச் செய்ய மாட்டாங்க. மெஷின் வந்த பொறவும் அவருக்கு அந்தப் பழக்கம் போகல்ல. உன் அண்ணன் சின்னதுல அதைப் பாத்து, மிஞ்சின டிக்கெட்டுக் கட்டை வச்சு வீட்டுல பஸ் ஓட்டி விளையாடுவான், நாற்காலிக்கெல்லாம் டிக்கெட் குடுப்பான். அவன் இடதுகை.

பெர்லின் எந்தக் கையால எழுதுவான்னு என்கிட்ட கேட்டாரு. பத்து வருசத்துக்குப் பொறவு அவரு வாயில அந்தப் பேரு வந்துது. இடது கைன்னு சொன்னேன். நாலாம் நாளு சோறு தின்னுட்டு இருக்கும்போ, "அந்தச் சாரம் அவனுக்கு நீளம் போதுமா? அவன் வளந்தவனாச்சே" என்றாரு. நான் எழும்பி அடுப்படிக்குப் போய் நின்னு அழுதேன்.

இனி மறைச்சு ஒண்ணும் ஆகப் போறதில்ல. நீயே எழுதிரு. அவன் கல்ஃபை விட்டு அங்க வந்து மூணு வருசம் ஆச்சுன்னு எனக்குத் தெரியும்னும் எழுதிரு. வாறதை நான் வாங்கிக்கிடுதேன்.

அம்மா,
லீலாபாய்

*

கிறைஸ்ட்சர்ச்
1 ஏப்ரல் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

ஆமாம் அப்பா. இடதுகைக்காரன்தான். அந்த டிரைவர் பெர்லின் அண்ணன். போட்டோ எடுத்தது அவன், நாலாவது டம்ளர் அவனுடையது, சாரமும் அவனுக்குத்தான். லீவு நாளில் எங்களோடு வந்து டென்ட் அடித்துத் தருவான், டியூட்டி நாளில் அவன் வண்டியில் நாங்கள் போவோம். அம்மாவுக்கும் தெரியும். என்னைத் திட்டுங்கள், அவளைத் திட்டாதீர்கள்.

டிக்கெட்டைக் கிள்ளாதே, அப்பா கண்டுபிடித்துவிடுவார் என்று அவனிடம் சொன்னேன். "கை பழகிட்டு பிள்ளே" என்றான். அது முழு உண்மையா என்று எனக்கும் சந்தேகம்தான். மற்றப் பயணிகளுக்கு அவன் கிள்ளிக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

வண்டி கிளப்பும் முன்னால் நடுவழியில் பின்சீட் வரை நடந்துபோய்த் தலை எண்ணுவான். உங்களை மாதிரியே உதடு அசையும். ஓடைக்கு அக்கரையில் நான் நின்றபோது அவன் முகத்தைப் பார்த்தேன் அப்பா. வண்டியை நிறுத்திப் போட்டதற்கு அவன் கம்பெனியில் விளக்கம் கேட்டார்கள். "எல்லாத் தலையும் ஏறாம வண்டி எடுத்துப் பழக்கமில்லை" என்று எழுதிக்கொடுத்தான்.

அந்த நாளைப் பற்றி ஒரே ஒரு தரம் கேட்டேன். ஏன் அண்ணா டிக்கெட் எடுக்காமல் ஏறினாய் என்று. "அப்பா மேல தப்பில்ல. அன்னைக்கு அவ்வளவு கூட்டம்" என்றான். டிக்கெட் எடுக்காதவன் இவன். கூட்டத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. உங்களுக்குப் புரிகிறதா அப்பா?

அவன் முகவரியைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

அன்பு மகள்,
சஜிதா

*

குழித்துறை
26 ஏப்ரல் 2025

மகன் பெர்லினுக்கு அப்பா எழுதுவது.

நீ சுகமாயிருக்கிறாய் என்று உன் தங்கை எழுதியிருக்கிறாள். நான் சுகம் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். இரண்டு தரம் எழுதிக் கிழித்துவிட்டு மூன்றாவதாக இதை எழுதுகிறேன்.

கூட்டத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று சஜிதா கேட்கிறாள். நீ அவளிடம்கூடச் சொல்லவில்லை. ஆகையால் நான்தான் எழுத வேண்டும். இந்தக் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் ஒட்டுவேன். அவளும் தெரிந்துகொள்ளட்டும்.

2014 மே மாதம், சனிக்கிழமை, களியக்காவிளையிலிருந்து நாகர்கோவில் போகிற ட்ரிப். மார்த்தாண்டத்தில் நீ பின்படியில் ஏறினாய். வண்டியில் நிற்க இடமில்லை. யாரோ சாக்கில் பலாப்பழம் ஏற்றியிருந்தார்கள், வண்டி முழுக்க அதன் வாடை. நீ இடது கையில் நோட்டை நீட்டி, "அப்பா, தக்கலைக்கு ஒண்ணு" என்றாய். "நீ நில்லுலே, பொறவு தாறேன்" என்று சொல்லிவிட்டு நான் முன்னால் போனேன்.

சுவாமியார்மடத்தில் செக்கிங் ஏறினார்கள். தலை எண்ணினார்கள். ஒன்று கூடுதல். "இது யாரு?" என்று இன்ஸ்பெக்டர் உன்னைக் காட்டிக் கேட்டார். நான் கூட்டத்தில் மறந்துபோயிருந்தேன் என்று எழுதினால் எனக்கு லேசாக இருக்கும். நான் மறக்கவில்லை. நீ கேட்டது, நான் சொன்னது, நோட்டு உன் விரலிடுக்கில் இருந்தது எல்லாம் எனக்கு நல்ல ஞாபகம் இருந்தது. அதுவரை ஒரு மெமோ வாங்காதவன், இதோ முதல் மெமோ என்று மட்டும்தான் தலைக்குள் ஓடியது. "தெரியாது சார், ஒளிஞ்சு ஏறியிருப்பான்" என்றேன். பெற்ற பிள்ளையைத் தெரியாது என்றேன்.

"டிக்கெட் கேட்டியாலே?" என்று உன்னைக் கேட்டார். நீ என் முகத்தைப் பார்த்தாய். "இல்ல சார். கேக்கல" என்றாய். அபராதம் கட்டிவிட்டு அங்கேயே இறங்கினாய். வண்டியில் பாதிப் பேருக்கு நீ யார் என்று தெரியும். ஒருவரும் பேசவில்லை.

வீட்டுக்கு வந்து நான் உன்மேல் கத்தினது கோபத்தால் அல்ல. முதலில் கத்தாவிட்டால் நீ சொல்லிவிடுவாய் என்ற பயம். நீ சொல்லவே இல்லை. நாலாம் நாள் பெட்டியோடு போய்விட்டாய். மறு வருஷம் இன்ஸ்பெக்டர் வேலைக்குக் கூப்பிட்டு, மெமோ உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அதற்குப் பிறகு டிக்கெட் இல்லாமல் யாரைப் பிடித்தாலும் முதலில் அவன் கையில் நோட்டு இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன்.

உன் தங்கையின் மேல், அம்மாவின் மேல், சாரத்தின் மேல், டம்ளரின் மேல் எல்லாம் சந்தேகப்பட்டேன். சந்தேகப்பட வேண்டிய ஆள் ஒருவன் என் சட்டைக்குள்ளேயே இருந்தான்.

இதோடு ஒரு டிக்கெட் வைத்திருக்கிறேன். நீ இறங்கின பிறகு அந்த ட்ரிப்பிலேயே மார்த்தாண்டம் டு தக்கலை என்று மெஷினில் அடித்தேன். யாருக்குக் கொடுக்க என்று தெரியாமல் சட்டைப்பையில் போட்டு, பிறகு வேதப்புத்தகத்துக்குள் வைத்தேன். இப்போது எழுத்தெல்லாம் அழிந்து வெறும் வெள்ளைத் தாளாகிவிட்டது. பின்னால் ஊரும் தேதியும் எழுதிவைக்க அன்று எனக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் வலது ஓரத்தைப் பார். கிள்ளியிருக்கிறேன். உனக்குத் தெரியும்.

நீ திருவனந்தபுரத்தில் இறங்கினால் களியக்காவிளை ஸ்டாண்டில் நான் நிற்பேன். வா என்று கூப்பிட எனக்கு யோக்கியதை இல்லை. வந்தால் நிற்பேன்.

அப்பா,
ஞானதாசன்

*

கிறைஸ்ட்சர்ச்
25 மே 2025

அப்பாவுக்கு பெர்லின் எழுதுவது.

சுகம். இங்கே குளிர் தொடங்கிவிட்டது, கணவாயில் பனி விழுகிறது, டயருக்குச் சங்கிலி கட்டித்தான் வண்டி போகிறது. அம்மாவின் காலை நல்ல டாக்டரிடம் காட்டுங்கள்.

டிக்கெட் கிடைத்தது. எழுத்து ஒன்றுமில்லை. ஓரத்தைப் பார்த்தேன்.

கூட்டத்தில் நீங்கள் மறந்துபோனீர்கள் என்றுதான் நான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். செக்கிங் ஏறினதும் பதறிப்போய், நான் கேட்டது உங்களுக்கு நினைவில் இல்லாமல் போயிருக்கும் என்று நம்பினேன். கல்ஃபிலும் இங்கேயும் அந்த நம்பிக்கையில்தான் உங்கள்மேல் வெறுப்பில்லாமல் இருந்தேன். மறக்கவில்லை என்று இப்போது நீங்களே எழுதிவிட்டீர்கள். கடிதத்தைப் படித்த அன்று எனக்கு வண்டி ஓட்ட முடியவில்லை, லீவு போட்டேன். சஜிதா வந்து கஞ்சி வைத்துத் தந்தாள். நீங்கள் எழுதினதை அவளுக்கும் காட்டினேன்.

எழுதாமலே இருந்திருக்கலாம் என்று ஒரு நேரம் தோன்றுகிறது. எழுதினதே நல்லது என்று ஒரு நேரம் தோன்றுகிறது. டிக்கெட்டைத் திருப்பி அனுப்பவில்லை. வண்டியில் என் தலைக்கு மேலே, கண்ணாடி ஓரத்தில் செருகி வைத்திருக்கிறேன்.

களியக்காவிளைக்கு இப்போதே வருகிறேன் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நீங்க நில்லுங்க அப்பா, பொறவு வாறேன்.

நான் பொறவு என்று சொன்னால் மறக்க மாட்டேன்.

பெர்லின்